ஒன்பதாம் கட்டத்தில் வளைந்த சுவர்

நடந்ததை எல்லாம் உண்மையாக எழுதப்போகிறேன். எனக்கு நல்ல பெயர் வரும் இடங்களை நீட்டக் கூடாது, கெட்ட பெயர் வரும் இடங்களைச் சுருக்கவும் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். நீ இருந்திருந்தால், "மொதல்ல எழுதுடி, அப்பறம் பேசு" என்றிருப்பாய்.

இன்று காலை ஆண்டுத் தேர்வுக்காக ஜாமெட்ரி பாக்ஸைக் காலி செய்தேன். அடியில் உன் இளஞ்சிவப்பு டூத் பிரஷ் கிடந்தது. ஓட்டுத் துண்டுகளைத் தேய்க்க நீ வீட்டிலிருந்து கொண்டுவந்தாயே, அது. இழைகளுக்கு நடுவே செங்கல்பொடி இன்னும் ஒட்டியிருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்த பிறகு, நாம் தோண்டிய ஹவேலியின் பின்கட்டில் அடிக்கும் அதே வாசனை. அழுகை வரும் என்று நினைத்துக் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. தோசை ஆறுகிறது என்று அம்மா கூப்பிட்டாள். போய் மூன்று தோசை சாப்பிட்டேன்.

நீ அக்டோபரில் இறந்தாய். டெங்கு என்றார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நீ. உன் இடத்தில் இப்போது என் புத்தகப் பை இருக்கிறது. யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

எல்லாம் ஜூலையில் தொடங்கியது. தில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்னால், பழைய கிராமம் தொடங்கும் இடத்தில், ஹவேலி என்று எல்லாரும் சொல்லும் அந்தப் பழைய மாளிகை நிற்கிறது. மஞ்சள் சுவர், முன்னால் நான்கு தூண்கள், உடைந்த மொட்டைமாடி. ஆங்கிலேயர் காலத்தில் ஏதோ ஒரு ஜமீன்தார் கட்டியது என்று எல்லாரும் சொல்வார்கள். நாம் பிறப்பதற்கு முன்பே பூட்டப்பட்ட வீடு. ஜூலை மழையில் அதன் பின்சுவரின் பூச்சு ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. பள்ளி விட்டு வரும் வழியில் நின்று பார்த்தோம். உள்ளே தெரிந்த செங்கற்கள் மெலிதாக இருந்தன. ஒரு விரல் கனம்தான்.

"இது செங்கல்லா, ரஸ்க்கா?" என்று நீ கேட்டாய். "டீல தொட்டுத் துன்னலாம் போலக்குது."

மறுநாள் பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். அதற்கு லகோரி என்று பெயர். முகலாயர் காலத்தில் தில்லியில் பல வீடுகளை அந்த மெல்லிய செங்கலால்தான் கட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் மஞ்சள் பூச்சுக்குள்ளே இன்னொரு வீடு, மிகப் பழைய வீடு ஒன்று இருக்கிறது. உன்னிடம் சொன்னபோது எனக்கு மூச்சு வாங்கியது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "செரி, பாத்துடலாம்" என்றாய்.

அந்த ஹவேலியை விற்கப்போகிறார்கள், வாங்குகிறவர்கள் இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவார்கள் என்று அப்போது பேச்சு இருந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கர்னல் அங்கிள், அதை எப்படியாவது நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டில் அவரிடம் செங்கல்லைப் பற்றிச் சொன்னேன். "நூறு வருட வீடு என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் பேட்டா" என்று இந்தியில் சொன்னார். "முகலாயர் காலத்து வீடு என்று காட்டு. நான் மனு எழுதுகிறேன். அதற்குப் பிறகு யாரும் கைவைக்க முடியாது." ஹவேலிக்குக் காவல் இருப்பவரிடம் பேசி, சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் நம்மை உள்ளே விடச் சொன்னார்.

பின்கட்டு அறையில் தரைக்கல்லை எல்லாம் யாரோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் மண். சணல் கட்டி அதைப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்தோம். எந்தக் கட்டம், எவ்வளவு ஆழம், என்ன கிடைத்தது என்று நோட்டில் கோடு போட்டேன். எழுதாமல் எதையும் இடத்தை விட்டு எடுக்கக் கூடாது என்பது என் சட்டம். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நீ உங்கப்பாவின் மணல் சல்லடையையும் பழைய பூச்சுக் கரண்டி ஒன்றையும் கொண்டுவந்தாய். உங்கப்பா கொத்தனார். விழுப்புரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, நாலா என்னும் பெரிய சாக்கடையை ஒட்டிய குடிசைப் பகுதியில் தங்கியவர். உங்கம்மா எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடி வீட்டில் வேலை செய்தார். சங்கத்துக் கூட்டங்களுக்கு டீ போடுவதும் அவர்தான். நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டபோது நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "எங்கம்மாவ இங்க யாருமே ஆன்ட்டின்னு கூப்ட்டதில்லடி. அது திரும்பிக்கூடப் பாக்காது."

எங்கள் கேட்டில் காவலாளி உன் பெயரை மட்டும் ரெஜிஸ்டரில் எழுதுவார். என் கூடத்தான் வருகிறாய் என்று தெரிந்தும் எழுதுவார். ஒரு நாள், வந்த காரணம் என்ற இடத்தில் அவர் வீட்டு வேலை என்று எழுதப்போனார். நீ எட்டிப் பார்த்து, "பையா, இதிஹாஸ்னு எழுதுங்க" என்றாய். அவர் உண்மையிலேயே வரலாறு என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கும்போதெல்லாம், "வந்துவிட்டது இதிஹாஸ்" என்பார்.

ஆகஸ்டு முழுவதும் கட்டம் கட்டமாகத் தோண்டினோம். நீலக் கண்ணாடி வளையல் துண்டு, புகை பிடிக்கும் மண் சிலும்பியின் உடைந்த துண்டு, மண் விளக்கின் மூக்கு. நாலாம் கட்டத்தில் ஒரு எலும்பு கிடைத்தது. நான் பயந்து கையை எடுத்துவிட்டேன்.

"மனுஷங்களோடதா இருக்குமா?" என்று கேட்டேன்.

நீ எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். எழுதுவதற்கு முன்பே எடுத்துவிட்டாய் என்று நான் கத்தினேன். நீ கண்டுகொள்ளவில்லை. "ஆட்டு நல்லிடி. தோ பாரு, கடிச்சு உறிஞ்சிக்கீறாங்க. எழுதிக்க. மொகலாயர் பிரியாணி."

செப்டம்பரில் அந்தச் சுவர் கிடைத்தது. அறையின் வடக்கு ஓரம், மூன்றாம் கட்டம். மஞ்சள் சுவரின் அடியில், மண்ணுக்குள், லகோரிச் செங்கல் வரிசை வரிசையாகக் கீழே இறங்கியது. நேராக, ஒழுங்காக, ஏழு வரிசை. பழைய வீட்டின் அஸ்திவாரம் என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. கர்னல் அங்கிளைக் கூட்டிவந்தேன். அவர் குழிக்குள் குனிந்து பார்த்து "அச்சா, அச்சா" என்றார். சுவருக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார். நீ சல்லடையோடு என் அருகில் நின்றாய். வெளிச்சம் மறைக்கிறது, கொஞ்சம் நகர்ந்துகொள் என்று உன்னிடம் சொன்னார். நீ நகர்ந்தாய். நான் அதைக் கவனித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் சுவரை வரைந்துகொண்டிருந்தேன். நீ குழிக்குள் குந்தி உட்கார்ந்து இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நகத்தால் சுரண்டினாய். பிறகு என் காம்பஸை வாங்கி அதன் முனையால் சுரண்டினாய்.

"சிமிட்டிடி இது," என்றாய்.

"என்ன?"

"சுண்ணாம்பா இருந்தா மாவு மாதிரி உதிரும். இது உதிரல. சாம்பக் கலரு பாரு. சிமிட்டிக் கலவ."

பின்னாளில் யாராவது பழுது பார்த்திருப்பார்கள், வெளியில் மட்டும் பூசியிருப்பார்கள் என்றேன். நீ கரண்டியைக் கொடுத்து நெம்பி, கடைசி வரிசையிலிருந்து ஒரு செங்கல்லை வெளியே எடுத்தாய். உள்ளேயும் அதே சாம்பல் நிறம்தான். செங்கல் இருந்த இடத்தில், கலவைக்குள் பதிந்து ஒரு சோடா மூடி இருந்தது. துருப்பிடித்திருந்தது. ஆனால் சோடா மூடிதான். ஓரத்துப் பற்களை எண்ண முடிந்தது.

நீ எனக்குப் பொறுமையாகச் சொன்னாய். பழைய வீடு இடிந்தால் யாரும் செங்கல்லைக் குப்பையில் போடமாட்டார்கள். சுத்தியால் தட்டி, பழைய சாந்தை உதிர்த்து, அடுக்கிவைத்து, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். "எங்கப்பா தெனம் செய்யற வேலடி இது. கல்லு பழசு. செவுரு புதுசு."

இது நம்மை மாதிரிப் புத்தகத்தோடு வருகிறவர்கள் செய்யும் தப்பு. நம்மை என்று எழுதுவது சரியில்லை. என்னை மாதிரி. செங்கல்லின் வயதைச் சுவரின் வயது என்று எழுதிவிட்டேன்.

நான் அந்த மூடியை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எழுதல?" என்று கேட்டாய்.

"இத எழுதினா ஹவேலி போயிடும். கர்னல் அங்கிள் மனுவே எழுதிட்டார். கூட்டம் போடப் போறாங்க. இடிச்சிடுவாங்கடி."

"இடிச்சா இடிக்கட்டும். இல்லாதத இருக்குன்னு எழுதுவியா?"

"ஒரு மூடிதானே."

நீ எழுந்து நின்றாய். உன் முகம் கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "எங்க குடிசைங்கள இடிக்கப் போறாங்கன்னு சர்வேக்கு வந்தாங்க," என்றாய். "எத்தினி வருஷமாக் கீறீங்க, காயிதம் காட்டுன்னாங்க. அவங்க கேட்டதுக்கு ரெண்டு வருஷம் கம்மி. ஒரு ஆளு வந்து, பழைய தேதி போட்டுக் காயிதம் வாங்கித் தரேன், அப்பதான் மாத்து வூடு கெடைக்கும்னு சொன்னான். எங்கப்பா வேணாம்னுடுச்சு. எங்கம்மா மூணு நாள் அது கூடப் பேசல. எங்களுக்கு மாத்து வூடு இல்ல. உனக்கு யாருதோ வூடு."

நான் சொன்னதையும் எழுதவேண்டும். "உங்கப்பா கொத்தனார்தானே, ஆர்க்கியாலஜிஸ்ட் இல்லையே" என்றேன்.

நீ சல்லடையை உதறி இடுப்பில் இடுக்கிக்கொண்டாய். கதவு வரை போனவள் திரும்பி, அறையின் மறுகோடியைக் காட்டினாய். "ஒம்போதாங் கட்டத்தப் பாரு. அங்க கல்லு வரி வளஞ்சு போவுது. நீ இடிஞ்சு சாஞ்சதுன்னு எழுதிக்கீற. சாயல. அது கெணறு. ஆளு வந்து வூடு கட்றதுக்கு மின்னாடி தண்ணி வேணும்ல. எங்கப்பா எந்த எடத்துக்குப் போனாலும் மொதல்ல தண்ணி எங்கன்னுதான் கேக்கும்."

அதுதான் நாம் பேசியதில் கடைசி. நான் நோட்டில் எழுதினேன்: மூன்றாம் கட்டம், சுவர், லகோரி, சுண்ணாம்புச் சாந்து. கையெழுத்து மிக அழகாக வந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை நீ வரவில்லை. பள்ளியில் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தாய். புதன்கிழமையிலிருந்து பள்ளிக்கும் வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். நீயே வந்து பேசட்டும் என்று இருந்தேன். இரண்டாவது வாரம் காலை வணக்கத்தில் தலைமையாசிரியர் உன் பெயரைச் சொல்லி, எல்லாரும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கவேண்டும் என்றார். நான் நின்றேன். பக்கத்து வரிசையில் ஒருத்தியின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. இரண்டு நிமிடமும் அதையே பார்த்தேன். அவளிடம் சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அம்மாவோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கப்பா வெளியில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தார். உங்கம்மா என்னைப் பார்த்ததும், "சாப்ட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். திரும்பும்போது அம்மா ஆட்டோவில் அழுதாள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பரில் தனியாக ஹவேலிக்குப் போனேன். பனிப்புகையில் பின்கட்டுச் சன்னல்கள் வெள்ளையாக இருந்தன. ஒன்பதாம் கட்டத்தில் முட்டி போட்டு, வீட்டிலிருந்து எடுத்துப்போன தோசைத் திருப்பியால் மண்ணை எடுத்தேன். நான்கு சனிக்கிழமைகள் ஆயின. கை விறைத்துப்போகும். கக்கத்தில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு மறுபடி தொடங்குவேன். வரிசை வளைந்துகொண்டே போனது. பத்தாம் கட்டத்துக்குள் நுழைந்து, மஞ்சள் சுவரின் அடியில் புகுந்து மறைந்தது. நூல் பிடித்து அளந்து பார்த்தேன். வட்டத்தின் கால்பகுதி. செங்கற்களின் நடுவே நகத்தை வைத்தேன். மாவு மாதிரி உதிர்ந்தது.

அப்படியென்றால் வீடு பிறகுதான் வந்திருக்கிறது. முதலில் ஒரு கிணறு. யாரோ யமுனைப் பக்கத்து வயல்களில் வேலை செய்தவர்கள் தண்ணீர் எடுத்த கிணறு. பிறகு எவரோ அதன் மேல் சுவரை ஏற்றி, தூண் வைத்து, மஞ்சள் பூசி, அதை ஹவேலி என்று சொல்லியிருக்கிறார்கள். நீ சொன்னபடியே இருந்தது. சொல்ல நீ இல்லை. நோட்டை எடுத்து அளவுகளை எழுதினேன். மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. பென்சில் முனை உடைந்தது. சீவிக்கொண்டேன்.

போன ஞாயிறு மாலை சங்கக் கூடத்தில் கூட்டம். கர்னல் அங்கிள் என் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருந்தார். நானும் சுவரும். நாற்பது பேர் இருந்தார்கள். உங்கம்மா ஓரத்து மேசையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நோட்டைப் படித்துக் காட்டவேண்டும், அதையே மனுவோடு சேர்த்து அனுப்புவார்கள் என்று ஏற்பாடு. என்ன செய்யப்போகிறேன் என்று மேடைக்குப் போகும் வரை எனக்கே தெரியாது. தைரியம் வந்ததால் சொன்னேன் என்று எழுதினால் அது பொய். நோட்டைத் திறந்தேன். சுண்ணாம்புச் சாந்து என்ற வரியைப் படிக்க வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

பையிலிருந்து சோடா மூடியை எடுத்து மேசை மேல் வைத்தேன். அந்தச் சுவர் முகலாயர் காலத்தது இல்லை, பழைய செங்கல்லை வைத்துச் சிமெண்டில் கட்டியது, இந்த மூடி அடிவரிசைக்குள் இருந்தது என்று சொன்னேன். செப்டம்பரிலேயே தெரியும், மறைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். பழையது ஒரு கிணறு, அது ஒன்பதாம் கட்டத்தில் இருக்கிறது என்றேன். இரண்டையும் கண்டுபிடித்தது யார் என்று உன் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவர், "தில்லியில் கிணறு எங்கேதான் இல்லை?" என்றார். "கடை வந்தால் பார்க்கிங்காவது கொடுப்பார்கள்" என்றார் இன்னொருவர். சிலர் சிரித்தார்கள். கர்னல் அங்கிள் மூடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "அச்சா" என்றார். "இதை முன்பே சொல்லியிருக்கவேண்டும் பேட்டா." மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிணற்றுக்காக யாரும் வரமாட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஹவேலி போய்விடும் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாரும் போன பிறகு நான் நாற்காலிகளை அடுக்கினேன். உங்கம்மா கப்புகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"செவுரு புதுசுன்னு சொன்னது அவளா?"

"ஆமா ஆன்ட்டி."

"நீ?"

"பழசுன்னு எழுதினேன். சண்டை போட்டோம். அவங்கப்பாவப் பத்தித் தப்பா பேசிட்டேன்."

அவர் ஒரு கப்பின் அடியில் இருந்த டீயை வாளியில் கவிழ்த்தார். "அதான் அந்த சனிக்கெழம போவாம செவுத்தப் பாத்துனு படுத்துனு இருந்தாளா," என்றார். "கேட்டன். ஒண்ணுமில்லன்னா. காச்சலு அதுக்கு அப்பறந்தான் வந்துது."

நான் வந்து கூப்பிட்டிருக்கவேண்டும் என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா என்று நினைவில்லை. உண்மையாக எழுதுவதாகச் சொல்லிவிட்டுச் சொன்னேன் என்று எழுத முடியாது.

"கெணறு எம்மாம் ஆழம்?" என்று கேட்டார்.

"தெரியல ஆன்ட்டி. ரெண்டு அடிதான் மண்ணு எடுத்தேன்."

"தண்ணி இருக்குமா?"

"தெரியல."

"தெரியலன்னா தெரியலன்னே எழுதிக்க," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, கிணற்றின் ஆழம் தெரியவில்லை என்று அப்படியே எழுதினேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்தச் சனிக்கிழமை இப்போது என்னிடம் இருக்கிறது. வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் இல்லை. ஆனால் பள்ளிக்கு, கடைக்கு, எங்கே போனாலும் அது கூடவே வருகிறது. அன்று கூடத்தில் எழுதி முடித்து, பேனாவின் மூடியை மாட்டும்போது காவலாளி ஸ்விட்ச் பலகைக்கு அருகில் போய் நின்றார். முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். முன்வரிசை விளக்கை அணைத்தார், பிறகு நடுவரிசை, பிறகு என் தலைக்கு மேல் இருந்ததையும் அணைத்தார்.